மதுவின் மிச்சம்

நான்கு வருஷங்களுக்கு முன் ஒரு கைவினைப்பொருள் விற்பனை நிலையத்தில் ஒரு சிறு பித்தளை உருவத்தைப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பானைகள். அவற்றின் முன் குத்துக்காலிட்டு ஒரு பெண். அடிப்பானையின்கீழ் தீ, நெளிநெளியான மெழுகு இழைகளாகவே வார்ப்பில் நின்றிருந்தது. கீழே ஒட்டியிருந்த சீட்டு ‘சமையல் செய்யும் பழங்குடிப் பெண் — பஸ்தர்’ என்றது. விலை என் சக்திக்கு மேல். வாங்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் கூடவே வந்தது. மூன்று பானையை இப்படி அடுக்கி என்ன சமைப்பார்கள்?

பதில் கிடைத்தது கோண்டாகாவுக்கு அருகில் ஒரு கிராமத்தில். ஏப்ரல் இரண்டாம் வாரம், வருஷக் கணக்கு முடித்த களைப்போடு லீவு போட்டுக்கொண்டு போயிருந்தேன். ராய்ப்பூரிலிருந்து பஸ் தம்தரி, காங்கேர் தாண்டி கேஷ்கால் மலைப்பாதையில் ஏறி பஸ்தர் பீடபூமிக்குள் இறங்குகிறது. ஜகதல்பூரில் மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருக்கும் நண்பர் ஒருவர், திருநெல்வேலிக்காரர், ஹல்பி பேசக் கற்றுக்கொண்டவர், உடன் வந்தார். அவரில்லாமல் நான் வெறும் சுற்றுலாப் பயணியாகவே திரும்பியிருப்பேன். அவர் இருந்தும் அதற்கு மேல் நான் பெரிதாக ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வார்ப்புக்காரர் வீடு. பஸ்தரின் பித்தளை வார்ப்புக்காரர்களைக் கட்வா என்பார்கள். டோக்ரா என்ற பெயர் வங்கத்திலும் ஒரிஸ்ஸாவிலும் இதே வேலை செய்யும் ஒரு சமூகத்தின் பெயர். சந்தை அதை எல்லோர் தலையிலும் ஒட்டிவிட்டது. ‘பஸ்தர் டோக்ரா’ என்றே புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. வேலை இப்படி நடக்கிறது: உமி கலந்த களிமண்ணில் உட்கரு பிடிக்கிறார்கள். அது காய்ந்தபின் மேலே மெல்லிய மண் பூச்சு. அவரைக்குடும்பத்து இலையொன்றைக் கசக்கி, மெழுகு பற்றுவதற்காக அந்தப் பச்சைச் சாற்றைத் தேய்க்கிறார்கள். தேன்மெழுகைக் காய்ச்சி வடித்து, மரத்தாலான பிழிவான் வழியே நூலாக இழுத்து, அந்த நூலைக் கருவின்மேல் நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். நம் வீட்டில் முறுக்குப் பிழியும் காரியம்தான், ஆனால் இழை சேமியா கனம். கண், மூக்கு, பாசிமணி, குதிரையின் பிடரி எல்லாம் இழைதான். மேலே சலித்த மண், அதற்கு மேல் புற்றுமண்ணும் உமியும். உலையில் வைத்தால் மெழுகு ஓடிவிடும். ஓடிய வழியே பித்தளை இறங்கும். அச்சை உடைத்தால்தான் உருவம் வெளிப்படும். ஆகவே இரண்டாம் பிரதி கிடையாது.

இதே முறை நமக்கும் பழக்கம்தான். சுவாமிமலை ஸ்தபதிகள் செய்வதும் மெழுகு வார்ப்பு. ஆனால் அங்கே உருவம் முழுவதையும் மெழுகில் கடைந்து, காவிரி வண்டலால் மூடி, உள்ளே உலோகம் நிறையும் கனவார்ப்பாகச் செய்கிறார்கள். கட்வா செய்வது உள்ளே மண் தங்கிவிடும் பொள்ளல் வார்ப்பு. சுவாமிமலையில் மெழுகின் தடம் அரத்தால் அழிக்கப்படுகிறது. இழை தெரிந்தால் தெய்வத்துக்குக் குறை. இங்கே இழை தெரிவதுதான் உருவத்தின் தோல். ஒரே நுட்பத்தின் இரண்டு அழகியல்கள். எது உயர்ந்தது என்ற கேள்வியை நம் கலாரசிகர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ஒன்றைச் சிற்பம் என்றார்கள், மற்றதைக் கைவினை என்றார்கள்.

மானசாரம் முதலிய சிற்ப நூல்கள் மெழுகு வார்ப்பை மதூச்சிஷ்ட விதானம் என்கின்றன. மது என்றால் தேன். உச்சிஷ்டம் என்றால் மிச்சம், எச்சில். தேனை எடுத்தபின் மிஞ்சுவது மெழுகு. இந்தச் சொல்லை நான் பல வருஷங்களாக அறிவேன். ஆனால் அதன் முதல் பாதியை யோசித்ததில்லை. அந்த வீட்டு வாசலில், ஐம்பதடி தள்ளி நின்ற மரத்தைக் காட்டி நண்பர் “இதுதான் சார் மஹுவா” என்றபோதுதான் யோசித்தேன். மஹுவாவுக்கு சமஸ்கிருதத்தில் மதூகம் என்று பெயர். அதுவும் மதுதான். மெழுகும் மரமும் ஒரு வார்த்தையின் இரண்டு பிள்ளைகள்.

மரத்தை நெருங்கிப் பார்த்தால் நமது இலுப்பை. தாவர சாஸ்திரிகள் இரண்டையும் ஒரே இனத்தின் இரு வகைகளாகத்தான் வைத்திருக்கிறார்கள். கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த மரம். இலுப்பூர், இலுப்பைக்குடி, இலுப்பைப்பட்டு என்று ஊர்களுக்குப் பெயர் தந்த மரம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழியில் பூவின் இனிப்பை நாம் ஒப்புக்கொண்டோம், கொஞ்சம் ஏளனத்தோடு. பஸ்தரில் ஏளனம் இல்லை. பூ அங்கே சாப்பாடு, தீவனம், கடனுக்கு ஈடு, சந்தையில் பணம். பஞ்ச காலத்தில் உயிர். மார்ச், ஏப்ரலில் இரவெல்லாம் மலர்ந்து விடியலில் உதிர்கிறது. மரத்தடிச் சருகைப் பெருக்கி எரித்துத் தரையைச் சுத்தமாக வைத்திருப்பார்கள். விடியுமுன்பே பெண்களும் குழந்தைகளும் கூடைகளோடு போய்ப் பொறுக்குகிறார்கள். வெளிர்மஞ்சளாக, ஈரமாக, சுண்டுவிரல் நுனி அளவில் இருக்கும். மூன்று நான்கு நாள் வெயிலில் காய்ந்தால் திராட்சை வற்றல் போலாகிவிடும்.

அந்த வீட்டின் பின்கட்டில்தான் மூன்று பானைகளைப் பார்த்தேன். வார்ப்புக்காரரின் வீடல்ல, பக்கத்து வீடு. காய்ச்சிக்கொண்டிருந்தவள் அறுபது வயதைத் தாண்டிய கிழவி. அடிப்பானையில் ஐந்தாறு நாள் ஊறி நுரைத்த பூ. நடுப்பானையின் அடியில் துளைகள். அதற்குள் ஒரு சிறு கலயம். மேல்பானையில் குளிர்ந்த தண்ணீர். சந்துகளை ஈரமண்ணால் பூசியிருந்தாள். ஆவி துளை வழியே ஏறி, மேல்பானையின் குளிர்ந்த அடியில் பட்டு, நீராகி, கலயத்தில் சொட்டும். இவ்வளவுதான் கருவி. திறமை முழுவதும் இரண்டு விஷயத்தில்: தீயை எவ்வளவு அடக்குவது, தண்ணீரை எப்போது மாற்றுவது. தண்ணீர் சுட்டுவிட்டால் ஆவி குளிராது. ஓயாமல் மாற்றினால் கலயத்தில் வெறும் தண்ணீர் சேரும் வரை ஓட்டிவிட நேரும். எத்தனை முறை மாற்றினாள் என்று எண்ணித்தான் சரக்கின் தரத்தைப் பேசுகிறார்கள். அவள் மேல்பானையின் விளிம்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்ப்புக்காரரும் மெழுகின் பதத்தைப் புறங்கையில் வைத்துத்தான் பார்த்தார்.

முதலில் இறங்கியதில் சில துளிகளை அடுப்பில் வீசினாள். நீலமாகப் பற்றியது. திருப்தியாகத் தலையாட்டினாள். இது அநாகரிகமான சோதனை என்று யாரும் நினைக்க வேண்டாம். கலால் இலாகாக்கள் இன்றும் உபயோகிக்கும் ‘ப்ரூஃப்’ என்ற சொல்லே, இங்கிலாந்தில் சாராயத்தை வெடிமருந்தில் நனைத்துப் பற்றுகிறதா என்று பார்த்த பழைய வழக்கத்திலிருந்து வந்ததென்பார்கள். பின்னர் ஹைட்ராமீட்டர் வந்து தீயின் இடத்தைப் பிடித்தது. அதற்குத் தேவை ருசி அல்ல, வரி. எவ்வளவு வலுவோ அவ்வளவு வரி என்று கணக்கிட தீயால் முடியாது.

இங்கிருந்துதான் சரித்திரத்துக்குள் போக வேண்டியிருக்கிறது. கம்பெனிக் காலத்திலிருந்தே சாராயம் நல்ல வருமானம். ஆரம்பத்தில் ஏலமுறை: ஒரு வட்டாரத்தில் காய்ச்சி விற்கும் உரிமையை ஒரு குத்தகைதாரன் ஏலத்தில் எடுப்பான். எத்தனை பானை காய்ச்சினான் என்பதைப் பற்றி சர்க்காருக்குக் கவலையில்லை. இதை அவுட்ஸ்டில் முறை என்றார்கள். பின்னர் மத்திய வடிசாலை முறை: எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில், அதிகாரி கண்முன், காலன் கணக்கில். இரண்டு முறைகளிலும் பொதுவானது ஒன்றுண்டு. வீட்டுப் பின்கட்டில் கிழவி காய்ச்சுவது இரண்டுக்கும் இடைஞ்சல்.

பம்பாய் மாகாணத்தில் 1878இல் அப்காரிச் சட்டம் வந்தது. பஞ்சமகாலிலிருந்து வண்டி வண்டியாக மஹுவாப் பூ உரண் வடிசாலைகளுக்குப் போயிற்று. ஆனால் தானா, கொலாபா ஜில்லாக்களில் ஜனங்கள் தங்கள் பூவைத் தாங்களே காய்ச்சுவதை நிறுத்த முடியவில்லை. 1892இல் மௌரா சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, பூவையே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். கவனியுங்கள்: சாராயத்தை அல்ல, பூவை. மரத்திலிருந்து தானாக உதிரும், மாடு தின்னும், மனிதன் தின்னும் ஒரு பூ, வைத்திருந்தால் விசாரணைக்குரிய பொருளாகிவிட்டது. சென்னை மாகாணத்துக்கு 1886இன் அப்காரிச் சட்டம். இங்கே மரத்துக்கு வரி. மத்திய மாகாணங்களுக்கு 1915இன் கலால் சட்டம். பஸ்தர் அப்போது சமஸ்தானம். 1948இல் இணைந்தபின் அந்தச் சட்டமும் வந்து சேர்ந்தது. மாகாணம் மத்தியப் பிரதேசமாயிற்று. 2000இல் சத்தீஸ்கர் பிரிந்தது. சட்டம் தலைப்பில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, 1915 என்ற வருஷத்தோடேயே இருக்கிறது. அதன் 34ஆம் பிரிவுதான் பின்கட்டுப் பானைகளின் பிரிவு. பழங்குடியினர் வீட்டுச் செலவுக்கும் சடங்குக்கும் ஓரளவு காய்ச்சிக்கொள்ளலாம் என்று விலக்கு உண்டு. விற்றால் குற்றம். காய்ச்சுபவளுக்கு உப்பும் துணியும் எதைக் கொண்டு வாங்குவது என்று விலக்கு எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

சமஸ்தான பஸ்தரிலும் இது சமாதானமாக நடக்கவில்லை. 1910 பிப்ரவரியில் பூம்கால் கலகம் நடந்தது. சந்தைகள் கொள்ளையிடப்பட்டன, அதிகாரிகளின் வீடுகளும் பள்ளிகளும் போலீஸ் நிலையங்களும் எரிக்கப்பட்டன. நேதானார் கிராமத்து குண்டாதூரின் பெயர் இன்றும் பஸ்தரில் சொல்லப்படுகிறது. 1905இல் காட்டில் மூன்றில் இரண்டு பங்கை ஒதுக்கிட முன்மொழிந்தது முக்கிய காரணம். வெட்டிவேலை, நிலம் பறிபோனது, இவற்றோடு வீட்டில் காய்ச்சுவதற்கு வந்த முட்டுக்கட்டையும் குறைகளில் ஒன்று. மரம், பூ, பானை எல்லாம் ஒரே வருஷங்களில் அந்நியமாயின.

இந்த இடத்தில் நான் என்னையே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஊர்ப்புறத்துச் சாராயத்தைப் பற்றி உருகி எழுதுவது நகரத்துக் குமாஸ்தாவுக்குச் சுலபம். குடி அங்கேயும் குடிதான். வெரியர் எல்வின் பஸ்தரில் நூறு கொலை வழக்குகளை ஆராய்ந்து 1943இல் ‘மரியா மர்டர் அண்ட் சூயிசைட்’ எழுதினார். ஆதிவாசிகளின் குடியை மிஷனரிகளுக்கும் காந்தியர்களுக்கும் எதிராக ஆதரித்தவர் அவர். ஆனால் குடிவெறியில் நடந்த கொலைகளை அவர் மறைக்கவில்லை. 1922இல் தெற்கு குஜராத்தில் ஆதிவாசிகளே, தேவி வந்து சொன்னாள் என்று சொல்லி, கூட்டங்கூட்டமாகக் குடியை விட்டார்கள். பார்ஸி சாராய வியாபாரிகள் பக்கம் போக மறுத்தார்கள். டேவிட் ஹார்டிமன் இதைப் பற்றி 1987இல் ஒரு நல்ல புஸ்தகம் எழுதியிருக்கிறார். சத்தீஸ்கரிலேயே தல்லி-ராஜ்ஹரா இரும்புச் சுரங்கத் தொழிலாளிகளிடையே சங்கர் குஹா நியோகி நடத்திய சங்கம், கூலியோடு குடியையும் போராட்டப் பொருளாக்கியது. அங்கே பெண்கள்தான் முன்னே நின்றார்கள். இவர்களெல்லாம் அறியாதவர்கள் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை.

ஆனால் இந்த இயக்கங்கள் எதை எதிர்த்தன என்று பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. தேவி இயக்கத்தின் கோபம் பெருமளவுக்குக் கடைக்காரன்மேல்; கடன் கொடுத்து நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டவன்மேல். நியோகியின் கோபம் கூலியைச் சாயங்காலமே திருப்பி எடுத்துக்கொள்ளும் குத்தகைதாரன்மேல். கடையும் குத்தகையும் சட்டபூர்வமானவை. சட்டம் பின்கட்டை மூடி, கடையைத் திறந்தது. சத்தீஸ்கரில் 2017 முதல் கடைகளை அரசே நடத்துகிறது. நமக்கு இதில் யாரையும் கேலி செய்யும் யோக்கியதை இல்லை. 1987இலிருந்து கள் இறக்குவது குற்றம், 2003இலிருந்து பிராந்தி விற்பது அரசின் உத்தியோகம் என்ற ஏற்பாட்டில்தான் நாம் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். பனையேறியின் அரிவாளும் இடைக்கயிறும் அருங்காட்சியகத்தில் வைக்கத் தகுந்தவையாகிவிட்டன. அவன் இறக்கியது மட்டும் வழக்குச் சொத்து.

அரசியல் சட்டத்தைப் புரட்டினால் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நெறிமுறைக் கோட்பாடுகளில் 43ஆவது பிரிவு, கிராமப்புறத்தில் குடிசைத் தொழில்களை அரசு வளர்க்க முயல வேண்டும் என்கிறது. 47ஆவது பிரிவு மதுவிலக்குக்கு முயல வேண்டும் என்கிறது. நடுவே ஒருசில பிரிவுகள்தான். 1948இல் அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்குப் பற்றிய விவாதம் வந்தபோது ஜெய்பால் சிங் எழுந்து, ஆதிவாசிகளின் சடங்கிலும் வயல்வேலையிலும் அரிசிக் கள்ளுக்கு உள்ள இடத்தைச் சொல்லி ஆட்சேபித்தார். சபை கேட்டுக்கொண்டது, பிரிவை நிறைவேற்றியது. 1952இல் அகில இந்தியக் கைவினைப்பொருள் வாரியம் ஏற்பட்டது. அதன் வழியாகக் கட்வாக்களுக்கு நகரமும் கண்காட்சியும் விருதும் வந்தன. நல்ல காரியம்தான், அலுமினியப் பாத்திரமும் மலிவு நகையும் வந்து அவர்களுடைய பழைய வாடிக்கை சுருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் அன்று முதல் பஸ்தரின் ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒன்று பாரம்பரியம், மற்றது குற்றம்.

எனக்கு ஆனந்த குமாரஸ்வாமியின் மேல் பழைய பக்தி உண்டு. பி.ஏ. ஆங்கிலம் படித்த நாட்களில் அவரைப் படித்துத்தான் நமக்கும் ஒரு கலைமரபு இருப்பதாக நம்பினேன். 1909இல் வந்த ‘தி இண்டியன் கிராஃப்ட்ஸ்மன்’ புஸ்தகத்தின் கைவினைஞன் தவசியைப் போன்றவன். குலம், தெய்வம், சாஸ்திரம் மூன்றுக்கும் நடுவே கைகட்டி நிற்பவன். வேலை செய்யும்போது அவன் என்ன குடித்தான் என்று நமக்குத் தெரிய வராது. அந்தச் சித்திரத்தில்தான் நமது கைவினை இலாகாக்களும் விருதுக் குழுக்களும் வளர்ந்தன. நான் பார்த்த வார்ப்புக்காரர் உலைக்குத் தீயிடுமுன் இலைத் தொன்னையில் கொஞ்சம் மஹுவா வாங்கி வரச்சொல்லி, மூன்று சொட்டு தரையில் விட்டுவிட்டு மீதியைத் தான் குடித்தார். தேவிக்கு வைக்காமல் பித்தளை இறங்காது என்று நண்பரிடம் சொன்னார். பக்கத்து வீட்டுப் பானை அணைந்தால் இவர் உலையில் சடங்கு குறைந்துவிடும். இதை எந்தக் கண்காட்சி மலரிலும் நான் படித்ததில்லை.

அவரிடம் அந்த மூன்று பானை உருவத்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். தாம் செய்ததல்ல, ஆனால் அந்த வட்டாரத்தில் பலரும் செய்வதுதான் என்றார். நகரத்தில் அதைச் சமையல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நண்பர் மொழிபெயர்த்ததும் கிழவிக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. பித்தளைப் பானை என்ன விலை என்று கேட்டாள். சொன்னதும், தண்ணீர் மாற்றப் போய்விட்டாள்.

இப்போது காற்று திரும்புகிறது. கோவாவின் முந்திரி ஃபெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது; 2016இல் அம்மாநிலம் அதைப் பாரம்பரிய மதுவாக அறிவித்தது. 2018இல் மஹுவா, லேபிள் ஒட்டிய கண்ணாடிப் புட்டியில் நகரத்துக் கடைக்கு வந்தது. 2021இல் மத்தியப் பிரதேச அரசு மஹுவாவைப் பாரம்பரிய மதுவாக்கப்போவதாக அறிவித்து, சுயஉதவிக் குழுக்கள் மூலம் காய்ச்சும் ஏற்பாடுகளைத் தொடங்கியது. பெருநகரங்களில் ‘கிராஃப்ட்’ என்ற அடைமொழி இப்போது ஜின்னுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எழுபது வருஷம் பானைக்குக் கிடைக்காத சொல் புட்டிக்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டது. இதனால் ஒரு பத்துப் பெண்களுக்கு நல்ல கூலி கிடைத்தாலும் எனக்குச் சந்தோஷமே. என் அச்சம் வேறு. உரிமம் என்று வந்தால் எஃகுக் கொதிகலன், அளவுமானி, முத்திரை எல்லாம் வரும். புறங்கையால் தொட்டுப் பார்ப்பதற்கு அங்கே இடமிராது. 1892இல் பூவை எடுத்தார்கள். இப்போது பூவை விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளலாம்.

என் மேஜைக்கு வரும் காகிதங்களில் ஒன்று 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் கடன் விண்ணப்பம். 18 தொழில்கள். தச்சர், கொல்லர், குயவர், படகு கட்டுபவர், பூத்தொடுப்பவர், வலை பின்னுபவர், நாவிதர், சலவைத் தொழிலாளர், இப்படிப் போகிறது. முதல் தவணை ஒரு லட்சம், வட்டி 5 சதவீதம். பித்தளை வார்ப்பவர் என்று தனியே ஒரு வரி இல்லை. சிற்பி என்ற தலைப்பில் நுழைக்கலாம். குயவர் உண்டு. ஆகவே அந்த மூன்று பானைகளையும் செய்தவருக்குக் கடன் உண்டு. அவற்றைப் பித்தளையில் வார்த்தவருக்கும் ஒருவாறு உண்டு. நான் என்ன உத்தியோகம் பார்க்கிறேன் என்று கிழவி கேட்டபோது நண்பர் வங்கி என்று சொல்லிவைத்தார். இதற்குக் கொடுப்பீர்களா என்று அடுப்பைக் காட்டிக் கேட்டாள். விளையாட்டாகக் கேட்டாளா நிஜமாகவா என்று அவள் முகத்திலிருந்து தெரியவில்லை. நண்பர் மொழிபெயர்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தொன்னையில் இருந்ததைக் குடித்தேன். புகை வாசனையும், அடியில் இலுப்பையின் மெல்லிய காட்டமும் இருந்தது. தொண்டை எரிந்தது. நன்றாக இருந்தது.

புறப்படும்போது வார்ப்புக்காரரிடம் ஒரு சிறிய குதிரை வாங்கினேன். ரசீது கொடுத்தார், ஒரு சங்கத்தின் முத்திரையோடு. கிழவி பழைய குளிர்பான புட்டியொன்றில் கால்வாசி ஊற்றி, வாழைச்சருகால் அடைத்துக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் 34ஆம் பிரிவு என்று நண்பர் வேடிக்கை பேசினார். ஜகதல்பூர் போகிற வரை புட்டி என் பையில் இருந்தது. ரயிலில் கொண்டுபோகக் கூடாது சார், சோதித்தால் வம்பு என்று அவர் சொல்ல, அவரிடமே கொடுத்துவிட்டேன். குதிரையைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தபோது துண்டில் மஹுவா வாசனை அடித்தது. எங்கே போயிருந்தாய் என்று அம்மா கேட்டாள். பித்தளை வார்க்கிற ஊருக்கு என்றேன்.